அழைத்து வருவதே வேலை

குளுக்கோஸும் கேலக்டோஸும் கலந்த கரைசலில் ஈஸ்ட்டை விட்டால் அது முதலில் குளுக்கோஸை மட்டும்தான் தின்னும். கேலக்டோஸ் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி கொஞ்ச நேரம் நின்றுபோகும். அதன் பிறகுதான் கேலக்டோஸில் வாய் வைக்கும். அந்த இடைவெளியில் செல்லுக்குள் பெரிய காரியம் ஒன்று நடந்து முடிந்திருக்கும். கேலக்டோஸைச் செரிப்பதற்கான நொதிகளைத் தரும் மரபணுக்கள் அதுவரை ஏறக்குறைய முழுதாக அடங்கிக் கிடந்தவை. இப்போது அவற்றின் செயல்பாடு ஆயிரம் மடங்கு வரை கூடியிருக்கும். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது சர்க்கரை மட்டும்.

அப்படியானால் அந்த மரபணுவுக்குச் செய்தி சொன்னது யார்?

கேள்வி ஈஸ்ட்டோடு நிற்பதில்லை. நம் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தொகுதிதான். ஒன்று பித்தநீர் சுரக்கிறது, இன்னொன்று நினைவைச் சேமிக்கிறது. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். இதை மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். மனித உடலைப் பற்றிய இந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் தெளிவான பதில்களில் பல ஈஸ்ட்டிலிருந்துதான் வந்தன. குறிப்பாக, கேல்4 என்ற ஒரே ஒரு புரதத்தை விடாமல் துரத்தியதால் வந்தன.

ஈஸ்ட் நமக்குப் புதியதல்ல. ரொட்டியை உப்பவைப்பதும், இறக்கி வைத்த பதநீரில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதைக் கள்ளாக்குவதும், அந்தக் கள்ளை ஊற்றிய ஆப்ப மாவைப் பொங்கவைப்பதும் இந்த உயிர்தான். (இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பெருமையில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்குப் போக வேண்டும், ஈஸ்ட் அங்கே துணை நடிகர்.) சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அறிவியல் பெயர். ஒரே செல், குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-இல் ஒரு பங்கு. ஆனால் பாக்டீரியாவைப் போல அல்லாமல் இதற்கு நம்மைப் போலவே உட்கரு உண்டு, குரோமோசோம்கள் உண்டு, டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் உண்டு. நல்ல உணவு கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகிவிடும். உட்கரு கொண்ட உயிர்களில் முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்ட முதல் உயிர் இதுவே. 1996-இல் அந்த வேலை முடிந்தபோது 16 குரோமோசோம்களில் ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகளும் 6,000 மரபணுக்களும் இருப்பது தெரிந்தது. மனிதருக்கு 300 கோடி எழுத்துகள்.

மரபியலாளர்கள் ஈஸ்ட்டிடம் மயங்கியதற்கு இன்னொரு காரணம் அதன் குடும்ப வாழ்க்கை. குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாகவும் வாழும், இரட்டைத் தொகுதியாகவும் வாழும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஓய்விந்த் விங்கே இதை 1935-இல் காட்டினார். பீர் கம்பெனி நடத்திய ஆய்வகம் என்பதால் ஈஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. இரட்டைத் தொகுதி கொண்ட செல்லைப் பட்டினி போட்டால் அது ஒரு பைக்குள் நான்கு வித்துகளை உண்டாக்கும். நான்கும் ஒரே பிரிவில் பிறந்த உடன்பிறப்புகள்.

அந்த நான்கையும் பிரித்தெடுப்பது ஆய்வகத்தில் ஒரு கைத்தொழில். முதலில் பையின் சுவரைக் கரைக்க வேண்டும். அதற்குப் பல காலம் பயன்பட்டது நத்தையின் குடலில் இருந்து எடுத்த நொதிக் கலவை. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியின் முனையால் வித்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, அகார் தட்டில் ஒரே வரிசையில் நான்கு இடங்களில் இறக்க வேண்டும். மேசையை யாராவது இடித்தால் போயிற்று. இரண்டு மூன்று நாளில் நான்கு வித்தும் நான்கு வெள்ளைப் பொட்டுகளாக வளர்ந்து நிற்கும். அப்போது பஞ்சடர்ந்த வெல்வெட் துணியைத் தட்டின் மேல் அழுத்தி எடுத்து, கேலக்டோஸ் மட்டுமே உணவாக உள்ள இன்னொரு தட்டில் ஒற்றினால் அதே பொட்டுகள் அதே இடங்களில் பதியும். தாய்ச் செல், கேலக்டோஸில் வளரும் ஈஸ்ட்டும் வளராத ஈஸ்ட்டும் இணைந்து உண்டானதாக இருந்தால், மறுநாள் வரிசைக்கு இரண்டு வளர்ந்திருக்கும், இரண்டு வளர்ந்திருக்காது. எல்லா வரிசையிலும் இரண்டுக்கு இரண்டு என்றே வந்தால், பழுதானது ஒரே மரபணு என்று அர்த்தம். மெண்டல் பட்டாணியில் கணக்குப் போட்டுக் கண்டதை இங்கே கண்ணால் எண்ணிவிடலாம்.

இப்படிக் கேலக்டோஸில் வளர மறுத்த ஈஸ்ட்களைப் பொறுக்கிப் பொறுக்கி, பழுதான மரபணுக்களுக்கு எண் கொடுத்துக்கொண்டே போனார்கள். கேல்1, கேல்7, கேல்10 மூன்றும் இரண்டாவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றும் கேலக்டோஸைப் படிப்படியாகக் குளுக்கோஸின் வழிக்கு மாற்றும் நொதிகளைத் தருகின்றன. அந்தப் படிகளைக் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார். 1970-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. இதே நொதிகள் நமக்கும் உண்டு. கேல்7-க்கு இணையான மனித மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே நஞ்சாகிவிடுகிறது. பாலில் உள்ள சர்க்கரையில் பாதி கேலக்டோஸ்தானே. நேரத்தில் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தாவிட்டால் கல்லீரல் கெடும், கண்ணில் புரை விழும்.

நொதி மரபணுக்களைவிடச் சுவையானவை வேறு இரண்டு: கேல்4, கேல்80. இவை எந்தச் சர்க்கரையையும் தொடுவதில்லை. ஆனால் கேல்4 பழுதானால் மூன்று நொதிகளும் ஒருசேரக் காணாமல் போகும். கேல்80 பழுதானாலோ நேர்மாறு: கேலக்டோஸ் இல்லாதபோதும் மூன்று நொதிகளும் வந்துகொண்டே இருக்கும். ஆக, ஒன்று முடுக்குவது, மற்றொன்று அடக்குவது. யார் யாரை அடக்குகிறார்கள்? இரண்டையும் சேர்த்தே பழுதாக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். அப்படிச் செய்த ஈஸ்ட்டில் நொதிகள் வரவில்லை. கேல்4 இல்லையென்றால் கேல்80 இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அதாவது கேல்80-இன் ஒரே வேலை கேல்4-ஐக் கட்டிவைப்பது. மூலக்கூறு எதையும் கண்ணால் காணாமல், மரபணுவை உடைத்து உடைத்தே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். மரபியலின் அழகு இதுதான் என்று எனக்குத் தோன்றும். கருவிகள் மலிந்த காலத்தில் இந்தத் தருக்கத்துக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்ற வருத்தமும் உண்டு.

முதலில் அமெரிக்காவின் டக்ளசும் ஹாதோர்னும், கேல்4 என்ற புரதம் உண்டாவதையே கேல்80 தடுக்கிறது என்று நினைத்தார்கள். ஜப்பானின் யசுஜி ஒஷிமா குழுவினர் 1970-களில் அதைத் திருத்தினார்கள். கேல்4 எப்போதும் தயாராகவே இருக்கிறது. கேல்80 அதன் மேல் நேராகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேலக்டோஸ் வரும்போது கேல்3 என்ற மூன்றாவது புரதம் அதைப் பற்றிக்கொண்டு, கேல்80-ஐப் பிடித்து விலக்குகிறது. அதனால்தான் தடை விலகியதும் சில நிமிடங்களில் மரபணு விழித்துக்கொள்கிறது. புதிதாக எதையும் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, விடுபட்ட கேல்4 அப்படி என்னதான் செய்கிறது? இந்தக் கேள்வியோடு 1980-களில் ஈஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தவர் ஹார்வர்டின் மார்க் டாஷ்னி. அவர் அதற்கு முன்பே பெயர் பெற்றவர். பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா என்ற வைரஸின் அடக்கிப் புரதத்தை 1967-இல் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு புரதம் உட்கார்ந்து மரபணுவை அடக்கவும் முடுக்கவும் முடியும் என்பது பாக்டீரியாவில் தெளிவாகிவிட்டிருந்தது. உட்கரு உள்ள உயிர்களில் அது எப்படி என்பதுதான் புதிர். ஏனென்றால் அங்கே அந்தப் புரதம் உட்காரும் இடம், மரபணு தொடங்கும் இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அது எதைத் தொடுகிறது? டி.என்.ஏ.வையே முறுக்குகிறதா? அதன் வடிவத்தை மாற்றுகிறதா?

கேல்4 நீளமான புரதம், 881 அமினோ அமிலங்கள். 1985-இல் டாஷ்னியும் ரோஜர் பிரென்ட்டும் அதன் தலையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஈ. கோலை பாக்டீரியாவின் லெக்ஸ்ஏ என்ற புரதத்தை ஒட்டினார்கள். லெக்ஸ்ஏவுக்கு ஈஸ்ட்டில் எந்த வேலையும் கிடையாது. அது பற்றும் எழுத்து வரிசை தெரியும், அவ்வளவுதான். அந்த வரிசையை ஈஸ்ட் மரபணு ஒன்றின் முன்னால் செருகினார்கள். பாதி பாக்டீரியா, பாதி ஈஸ்ட் என்ற இந்த ஒட்டுப்புரதம் அங்கே போய் உட்கார்ந்தது, மரபணு முடுக்கப்பட்டது. ஆக, எங்கே உட்காருவது என்பதை முடிவுசெய்வது புரதத்தின் ஒரு துண்டு. உட்கார்ந்த பிறகு முடுக்குவது வேறொரு துண்டு. இரண்டுக்கும் இடையில் ஒட்டு மட்டும் இருந்தால் போதும், உறவு வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் இயன் ஹோப்பும் கெவின் ஸ்ட்ரூலும், அமினோ அமிலப் பஞ்சத்தில் வேலை செய்யும் ஜிசிஎன்4 என்ற ஈஸ்ட் புரதத்திலும் இதே அமைப்பைக் காட்டினார்கள்.

கல்யாண வீட்டில் சமையல்காரருக்குச் சமைக்கத் தெரியும். யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். இன்று எந்த மண்டபம் என்று கூட்டிவந்து விடத்தான் ஓர் ஆள் வேண்டும். கேல்4 அந்த ஆள் என்பதே டாஷ்னி வந்து சேர்ந்த முடிவு. மரபணுவைப் படியெடுக்கும் உண்மையான வேலை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற பெரிய நொதியினுடையது. அந்த நொதியின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டிய ஸ்டான்ஃபோர்டின் ரோஜர் கார்ன்பெர்க் 2006-இல் நோபல் பெற்றார். அவர் வரைந்ததும் ஈஸ்ட்டின் பாலிமரேஸ்தான். முடுக்கும் புரதங்கள் பாலிமரேஸை நேராகத் தொடுவதில்லை, நடுவில் மீடியேட்டர் என்ற இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம் இருக்கிறது என்பதையும் அவருடைய ஆய்வகமே ஈஸ்ட்டில் பிரித்தெடுத்துக் காட்டியது. கேல்4-இன் வால் மீடியேட்டரைப் பற்றுகிறது, மீடியேட்டரோடு பாலிமரேஸ் வருகிறது.

முடுக்கும் துண்டு எவ்வளவு சிறப்பானதாக இருக்க வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. 1987-இல் டாஷ்னியின் ஆய்வகத்தில் ஜுன் மா, கேல்4-இன் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, வாலின் இடத்தில் ஈ. கோலை டி.என்.ஏ.வின் கண்டபடி நறுக்கிய துண்டுகளை ஒட்டினார். பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டுகள், ஈஸ்ட்டின் மரபணுவை முடுக்குவதற்காகப் பரிணமித்தவை அல்ல. பெரும்பாலானவை எந்தப் புரதத்துக்கும் உரிய சரியான வாசிப்பில்கூட இல்லை, வெறும் உளறல். ஆனாலும் ஏறத்தாழ நூற்றில் ஒன்று மரபணுவை முடுக்கியது! அவற்றில் பொதுவாகத் தெரிந்த ஒரே குணம் அமிலத்தன்மை, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. ஒரு நொதியை இப்படிக் குருட்டாம்போக்கில் உண்டாக்க முடியாது. முடுக்கும் துண்டு மட்டும் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதன் வேலை நுட்பமானதாக இருக்க முடியாது. ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொள்வது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு முத்தாய்ப்பு தற்செயலாக வந்தது. அதே ஆய்வகத்தில், கேல்4-இன் வாலைப் பெரும்பாலும் நறுக்கி நோஞ்சானாக்கிய ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, அதன் வேலையைக் கூட்டிக்கொடுக்கும் பிறழ்வு எங்காவது கிடைக்குமா என்று தேடினார்கள். கிடைத்தது. கேல்11 என்ற வேறொரு புரதத்தில், 342-ஆவது அமினோ அமிலம் ஒன்று மட்டும் மாறியிருந்தது. கேல்11 மீடியேட்டரின் உறுப்பு. ஏன் இந்த ஒற்றை மாற்றத்துக்கு இவ்வளவு பலன் என்று தோண்டிப் பார்த்தபோது வேடிக்கை வெளிப்பட்டது. மாறிப்போன அந்த இடம், கேல்4-இன் தலைப்பக்கத்தில் இருக்கும் ஒரு பகுதியோடு எக்குத்தப்பாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பகுதிக்கு இயல்பில் மரபணுவை முடுக்குவதில் எந்தப் பங்கும் இல்லை. இரண்டு கேல்4-கள் ஜோடி சேரப் பயன்படுவது, அவ்வளவே. இயற்கை திட்டமிடாத, எந்த ஈஸ்ட்டிலும் இதற்குமுன் இல்லாத ஓர் ஒட்டு. அது ஒன்றே மரபணுவை முழு வேகத்தில் ஓடவைத்தது. செய்தி, கட்டளை, வடிவ மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. 1995-இல் இது வெளியானபோது, அழைத்து வருவதற்கு மேல் முடுக்கிகளுக்கு வேலை உண்டு என்று வாதாடுவது கடினமாகிவிட்டது.

ஒட்டுவதுதான் வேலை என்றால் கேல்4 ஈஸ்ட்டைத் தாண்டியும் வேலை செய்ய வேண்டும் அல்லவா? 1988-இல் அதையும் பார்த்தார்கள். மனித செல், பழ ஈ, புகையிலைச் செடி எல்லாவற்றிலும் கேல்4 அதற்குரிய எழுத்து வரிசையைத் தேடிப் பற்றி, பக்கத்து மரபணுவை முடுக்கியது. ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம். நம் மீடியேட்டர் இன்னும் அந்த வாலை அடையாளம் காண்கிறது. 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நோர்பர்ட் பெரிமனும் இதைப் பழ ஈ ஆய்வின் அன்றாடக் கருவியாக்கினார்கள். ஈயின் கண்ணில் மட்டும், அல்லது குறிப்பிட்ட நரம்பில் மட்டும் கேல்4 உண்டாகும்படி செய்துவிட்டு, முடுக்க வேண்டிய மரபணுவின் முன்னால் கேல்4 பற்றும் வரிசையை வைத்தால் போதும். ஈயிடம் சொந்தமாகக் கேல்4 இல்லை என்பதால் குழப்பமும் இல்லை. இன்று பழ ஈயை வைத்து மூளையை ஆராயும் ஆய்வகங்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஈஸ்ட் புரதம் இல்லாமல் வேலை நடக்காது.

இன்னொரு பயன் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. கேல்4-இன் தலையும் வாலும் எப்படி இணைந்திருந்தாலும் சரி என்றால், இரண்டையும் தனித்தனியே பிரித்து, தலையில் ஒரு புரதத்தையும் வாலில் இன்னொரு புரதத்தையும் ஒட்டினால் என்ன? அந்த இரண்டு புரதங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் மட்டுமே தலையும் வாலும் சேரும், மரபணு ஓடும். ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் 1989-இல் இதைச் செய்தார்கள். ஓடவேண்டிய மரபணுவாக, எக்ஸ்-கால் என்ற நிறமற்ற பொருளை நீலமாக்கும் நொதியின் மரபணுவை வைத்தார்கள். எந்தப் புரதமும் எதனோடும் சேராத ஈஸ்ட் தட்டில் வெள்ளையாகவே இருக்கும். சேர்ந்துவிட்டால் அந்தப் பொட்டு நீலமாகும். செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒரு சந்திப்பை, தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் பார்த்துவிடலாம். உயிரியலில் எந்தப் புரதம் எதனோடு கூட்டு என்று இன்று கையிலிருக்கும் வரைபடங்களில் பல இந்த முறையிலிருந்து வந்தவை.

அவர்கள் முதன்முதலில் சோதித்த ஜோடி எஸ்என்எஃப்1, எஸ்என்எஃப்4. அதற்கும் நம் கதைக்கும் உறவுண்டு. தொடக்கத்தில் சொன்னது நினைவிருக்கும்: குளுக்கோஸ் இருக்கும்வரை ஈஸ்ட் கேலக்டோஸைத் தொடாது. குளுக்கோஸ் இருக்கையில் மிக்1 என்ற அடக்கி, கேல் மரபணுக்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குளுக்கோஸ் தீர்ந்தால் எஸ்என்எஃப்1 விழித்து, மிக்1-இல் பாஸ்பேட்டை ஏற்றி அதை உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மரியன் கார்ல்சன், குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் மாற்றுச் சர்க்கரைக்கு மாறத் தெரியாத ஈஸ்ட்களைச் சேர்த்து இந்த மரபணுக்களைக் கண்டார். எஸ்என்எஃப்1-இன் மனித வடிவம், நம் செல்லில் ஆற்றல் குறையும்போது எச்சரிக்கை கொடுக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி. சர்க்கரை நோய்க்குத் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மறைமுகமாகத் தூண்டும் நொதிகளில் இதுவும் ஒன்று.

கார்ல்சனின் அதே பட்டியலில் இருந்த எஸ்என்எஃப்2, எஸ்என்எஃப்5 வேறு பக்கம் இழுத்துச் சென்றன. டி.என்.ஏ. உட்கருவுக்குள் வெறும் இழையாகக் கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளைக்கு 147 எழுத்துகள் என்ற கணக்கில் சுற்றிக் கிடக்கிறது. சுற்றிய இடத்தில் பாலிமரேஸால் எளிதில் நுழைய முடியாது. எஸ்என்எஃப்2-உம் கூட்டாளிகளும் ஆற்றலைச் செலவழித்து அந்த ஹிஸ்டோன் உருளைகளை நகர்த்தும் எந்திரம் என்று தெரிந்தது. மனிதரில் இதே எந்திரத்தின் ஏதோ ஒரு பாகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு புற்றுநோயில் பழுதாகியிருக்கிறது. எஸ்என்எஃப்5-இன் மனித வடிவம் இல்லாமல் போவது, சிறு குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு என்ற கொடிய கட்டிக்குக் காரணம். சர்க்கரை தின்னத் தெரியாத ஈஸ்ட்டைத் தேடியவர்கள் வந்து நின்ற இடம் இது.

ஹிஸ்டோன் விஷயத்தில் ஒரு பெரிய சண்டையும் உண்டு. ஹிஸ்டோன்களில் ஏறும் வேதிக் குறிகளே மரபணுவை ஆள்கின்றன, அவையே நினைவாகத் தலைமுறை தாண்டுகின்றன என்பது கடந்த கால் நூற்றாண்டாகப் பிரபலமான பேச்சு. டாஷ்னி இதைக் கடுமையாக மறுத்தார். குறிகள் தாமாக எந்த மரபணுவையும் தேர்ந்தெடுப்பதில்லை, முதலில் கேல்4 போன்ற ஒரு புரதம் குறிப்பிட்ட வரிசையில் வந்து உட்கார வேண்டும், குறியிடும் நொதிகளும் அது அழைத்து வருபவைதாம் என்றார். மறுபக்கம், 1988-இல் கலிபோர்னியாவின் மைக்கேல் கிரன்ஸ்டீன், ஈஸ்ட்டில் ஹிஸ்டோன் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தபோது சில மரபணுக்கள் முடுக்கியே இல்லாமல் ஓடத் தொடங்கின. ஆகவே ஹிஸ்டோன் சும்மா கிடக்கும் பொதி அல்ல. எனக்கு டாஷ்னி பக்கம்தான் சாய்வு. பாதுகாப்பது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. தேர்வு எழுத்து வரிசையைப் படிக்கத் தெரிந்தவருடையது. தாத்தா பட்டினி கிடந்ததால் பேரனுக்கு இன்னின்னது என்று எழுதும் வார இதழ்க் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த வாதம் நினைவுக்கு வருவது நல்லது.

ஈஸ்ட்டுக்கு நினைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை கேலக்டோஸில் வளர்ந்து, பிறகு குளுக்கோஸுக்குப் போய், மீண்டும் கேலக்டோஸுக்கு வரும் ஈஸ்ட் முதல்முறையைவிட வேகமாக மாறிக்கொள்கிறது. பேத்தி செல்களுக்கும் அந்த வேகம் இருக்கிறது. 2007-இல் கிரீஸ் ஆய்வாளர்கள் காட்டிய விளக்கம் எளிமையானது: முதல்முறை உண்டான கேல்1 புரதம் செல்லின் சாற்றில் மிச்சமிருந்து, பிரியும்போது மகள்களுக்கும் போய்ச் சேர்கிறது. கேல்1 ஒரு நொதி ஆயிற்றே, அதற்கு இங்கே என்ன வேலை? கேல்3-ம் கேல்1-ம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈஸ்ட்டின் ஒரு மூதாதையில் முழு மரபணுத்தொகுதியும் இரட்டித்தது. ஒரு பிரதி நொதி வேலையோடு நின்றது, மற்றது கேலக்டோஸை உணரும் வேலையை எடுத்துக்கொண்டது. இரட்டிப்பு நடக்காத க்ளூவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற உறவுக்கார ஈஸ்ட்டில் இன்றும் ஒரே புரதம் இரண்டையும் செய்கிறது. பிரிந்த பிறகும் கேல்1-க்குப் பழைய பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நினைவு என்று நாம் பார்ப்பது அதைத்தான்.

ஒவ்வொரு மரபணுவாகப் பார்த்த காலம் 1997-இல் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் டிரிசி, விஷ்வநாத் ஐயர், பேட்ரிக் பிரவுன் மூவரும் ஈஸ்ட்டின் ஏறக்குறைய எல்லா மரபணுக்களையும் கண்ணாடித் துண்டில் புள்ளிகளாக அச்சிட்டு, குளுக்கோஸ் தீர்ந்துபோகும் நேரத்தில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று ஒரே மூச்சில் அளந்தார்கள். 710 மரபணுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின, 1,030 மரபணுக்கள் அதேபோலக் குறைந்தன. ஒரு சர்க்கரை தீர்ந்ததற்குச் செல்லின் மரபணுக்களில் கால்பங்குக்கு மேல் அசைந்துகொடுக்கிறது.

கேல் மரபணுக்களைத் தொழிலுக்கும் பழக்கினார்கள். கேலக்டோஸ் தரும்போது மட்டும் ஓடும் மரபணு என்றால், விரும்பிய புரதத்தை விரும்பிய நேரத்தில் ஈஸ்ட்டைக் கொண்டு செய்விக்கலாம். கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழு 2006-இல், மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு மூலப்பொருளான ஆர்டிமிசினிக் அமிலத்தை இந்த வழியில் ஈஸ்ட்டில் தயாரித்தது. ஆனால் தொழிற்சாலை அளவில் கேலக்டோஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது. விடை பழைய தட்டுகளிலேயே இருந்தது: கேல்80-ஐ நீக்கிவிட்டால் கேலக்டோஸ் இல்லாமலே ஓடும். அப்படி மாற்றிய ஈஸ்ட் 2013-இல் லிட்டருக்கு 25 கிராம் கொடுத்தது. செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை இதற்குள் இறங்கிவிட்டதால் ஈஸ்ட் மருந்து சந்தையைப் பிடிக்கவில்லை. அது பொருளாதாரத்தின் குற்றம், ஈஸ்ட்டின் குற்றமல்ல.

உளறல் துண்டுகள் ஏன் மரபணுவை முடுக்கின என்ற பழைய கேள்வி மட்டும் நெடுநாள் தொங்கிக்கொண்டிருந்தது. சியாட்டிலில் ஸ்டீவன் ஹானின் ஆய்வகம் ஜிசிஎன்4-இன் முடுக்கும் துண்டு மீடியேட்டரைப் பற்றும் விதத்தை அண்மைக் காலத்தில் உற்றுப் பார்த்தது. அது பற்றும் உறுப்பு மெட்15; கேல்11-இன் இன்றைய பெயர் அது. பற்றுதல் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. அந்தத் துண்டுக்கு நிலையான வடிவம் கிடையாது. மெட்15-இன் மேல் ஆழமற்ற, எண்ணெய்ப் பசையுள்ள பள்ளங்கள் இருக்கின்றன. துண்டு ஒரு பக்கமாக ஒட்டும், விலகும், திரும்பி வேறு பக்கமாக ஒட்டும், அடுத்த பள்ளத்துக்குத் தாவும். ஒவ்வோர் ஒட்டும் பலவீனம். எல்லாம் சேர்ந்தால் போதுமான பிடி. எண்ணெய்ப் பசையுள்ள சில அமினோ அமிலங்கள் வேண்டும், அவை தமக்குள் சுருண்டு மறைந்துவிடாமல் வெளியே நீட்டி நிற்க அமில அமினோ அமிலங்கள் வேண்டும்; வரிசை எப்படி இருந்தாலும் பெரிதில்லை. இதே ஆய்வகம், முப்பது அமினோ அமிலம் நீளமுள்ள தாறுமாறான துண்டுகளை லட்சக்கணக்கில் ஈஸ்ட்டில் சோதித்து, அந்த விவரங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்து 2020-இல் வெளியிட்டது. இப்போது ஒரு புரதத்தின் வரிசையைக் கொடுத்தால் அதில் எந்த இடம் மரபணுவை முடுக்கும் என்று கணினி ஊகித்துச் சொல்கிறது.